தலையும் கண்ணும் குழம்பிலேயே இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு, குளம், வயல் வாய்க்காலில் கிடைக்கும் பொடிமீன்களின் சத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

மீன் என்றதும் புரதம் என்போம். ஆனால் புரதக் கணக்கில் பெரிய மீனுக்கும் சின்ன மீனுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. வங்கதேசத்தில் மொலா என்று ஒரு மீன் உண்டு. கெண்டை வகை, வெள்ளி நிறம், விரல் நீளம்தான் இருக்கும். அதில் 100 கிராமுக்குச் சுமார் 17 கிராம் புரதம். அங்கே குளத்தில் வளர்க்கும் ரோகு என்ற பெரிய கெண்டையில் சுமார் 18.

வைட்டமின் ஏ-க்கு வந்தால் கதையே வேறு. ரோகு சதையில் 100 கிராமுக்கு 50 மைக்ரோகிராம்கூடத் தேறாது. மொலாவிலோ 2,500-ஐ ஒட்டி இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே 400 மைக்ரோகிராம்தான்!

சரி, அது மீனில் எங்கே இருக்கிறது? பாதிக்கு மேல் கண்ணில். மீதியில் பெரும்பங்கு வயிற்றுக்குள், குடலிலும் ஈரலிலும். சதையில் இருப்பது கொஞ்சம்தான். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிதுக்கி எறிந்துவிட்டு 'சுத்தமாக ஆய்ந்துவிட்டேன்' என்றால், அந்த வைட்டமினில் பெரும்பகுதி அரிவாள்மனையடியிலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

முள்ளும் அப்படித்தான். முள்ளோடு தின்றால் 100 கிராம் மொலாவில் 800 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கிடைக்கும். அதே அளவு பசும்பாலில் 120 அளவில்தான். முள்ளில் உள்ளது உடம்பில் ஒட்டுமா என்று கேட்பீர்கள். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலில் இருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன மீனில் இருந்தும் எடுத்துக்கொள்கிறது. இரும்பும் துத்தநாகமும் உண்டு. காய்கறியில் கிடைக்காத பி12-ம் உண்டு.

இந்தக் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சகுந்தலா தில்ஸ்டெட். டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். 1980-களின் இறுதியில் வங்கதேசத்தில் சத்துக்குறைவால் வாடிய குழந்தைகளுக்காக வேலை பார்க்கப் போனவர். சின்ன மீன் உடம்புக்கு நல்லது என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதை ஒதுக்கித் தள்ளாமல், ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தார். 2021-இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவர் அளந்து சொல்வதற்கு முன் அந்தச் சின்ன மீன்களுக்குப் பெயர் களைமீன். ரோகு போன்ற பெரிய கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் மருந்து போட்டு அவற்றைக் கொல்வார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. அப்புறம்தான் பெரிய மீன், சின்ன மீன் இரண்டையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மொலாவுக்குக் குஞ்சு வாங்கவே வேண்டாம், குளத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கலாம். பெரிய மீன் சந்தைக்குப் போனாலும் சின்ன மீன் வீட்டுச் சட்டிக்கு வந்துவிடும்.

நம் பக்கம் மதுரை அயிரைக் குழம்பை நினைத்துப் பாருங்கள். உயிர்மீனைப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டு உரசி, முழுசாகவே குழம்பில் போடுகிறோம். மொலாவின் அளவுக்கு எல்லாப் பொடிமீனிலும் வைட்டமின் ஏ இருக்காது, மீனுக்கு மீன் மாறும். ஆனால் முள்ளோடு தின்பதன் பலன் எதிலும் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் ஏரியின் மீனைக் குடலோடு தின்னக் கூடாது. குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் நன்றாக வேகவைத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ முள் தட்டாதபடி மைய அரைத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். வெயிலில் காயவைத்த கருவாட்டில் கால்சியம் அப்படியே இருக்கும், வைட்டமின் ஏ பெரும்பாலும் போய்விடும். கண்பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ-க்காகக் கொடுப்பதென்றால் பச்சை மீனாகவே வாங்குங்கள். வணக்கம்.