தெரியாத திடலில் கெடியைக் கேளுங்கள்

நேயர்களே, வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிற எங்கள் பீடோங்கிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால், தாய்லாந்துக்குள் நுழைகிற புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை ஒரு மணி நேரம்தான். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஹட்யாய் போய்ச் சாப்பிட்டு, சாமான் வாங்கித் திரும்புவது இந்தப் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். நானும் என் கூட்டாளிகளும் அதே சாலையில்தான் போகிறோம். ஆனால் வண்டிக்குப் பின்னால் கோல்ஃப் மட்டைப் பைகள் இருக்கும். இதுவரை கால் வைக்காத திடல்களைத் தேடிப் போய் ஆடுவதில் எங்களுக்கு அப்படி ஓர் ஆசை.

கோல்ஃபா, அது துரைமார் விளையாட்டாச்சே என்று கேட்கலாம். துரைமார் கொண்டுவந்ததுதான். கோலாலம்பூரில் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் தொடங்கியது. தோட்டத்துத் துரைமார்களும் கிளப்புக்குப் பக்கத்தில் ஒன்பது குழி வெட்டி ஆடினார்கள். எங்கள் பீடோங்கில் ஹார்வார்ட் தோட்டத்து நிலத்தில் இன்றும் கோல்ஃப் திடல் இருக்கிறது. சரி, அந்தத் துரைமாரின் பையைத் தூக்கியது யார்? லாலான் புல்லுக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுத்தது யார்? லயத்துப் பிள்ளைகள். பள்ளி விட்டு வந்ததும் நானும் தூக்கியிருக்கிறேன். எம். ராமையா, பி. குணசேகரன் என்று நம்மவர் பெயர்கள் பிறகு மலேசியத் தொழில்முறை கோல்ஃபிலேயே ஒலித்தன. இந்த விளையாட்டில் நமக்கும் பங்கு உண்டு, நேயர்களே. அதைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம்.

பையைத் தூக்கி வருபவரைக் கெடி என்போம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அவரைப் பற்றித்தான். தெரியாத திடலுக்குப் போனால் முதலில் கெடியைக் கேளுங்கள். நம் ஊர்த் திடலில் மேடு எது, பள்ளம் எது என்று காலுக்கே தெரியும். புது இடத்தில் கண் ஏமாற்றிவிடும். பின்னால் ஒரு குன்று நின்றால் மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும்.

கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாத இன்னொன்றும் உண்டு. குழி இருக்கிற இடத்தைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, அதுதான் கிரீன். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் அங்கே பெரும்பாலும் போடுவது பெர்முடா வகைப் புல். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அருகம்புல், அதன் இனம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். வெல்வெட்டுத் துணியைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் கையைப் பிடிக்கும். அதே கதைதான். சாய்ந்த பக்கமாகத் தட்டினால் பந்து ஓடிவிடும், எதிர்ப்பக்கம் தட்டினால் நின்றுவிடும், குறுக்கே தட்டினால் ஒதுங்கிப் போகும். குழியின் விட்டமோ நாலே கால் அங்குலம்தான்.

ஹட்யாய் பக்கம் ஒரு திடலில் நடந்ததைச் சொல்கிறேன். தாய்லாந்தில் பெரும்பாலான திடல்களில் ஆளுக்கொரு கெடி கட்டாயம், பெரும்பாலும் பெண்கள். என் கூட்டாளி ஒருவருக்கு வந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அகலத் தொப்பி, முகத்தைச் சுற்றித் துணி, முழுக்கைச் சட்டை. நம் தோட்டத்துப் பெண்கள் வேலைக்காட்டுக்குக் கிளம்புகிற அதே கோலம். கூட்டாளி சுங்கை பட்டாணியில் வாரம் தவறாமல் ஆடுகிறவர், கெட்டிக்காரர். பந்து குழிக்கு ஆறடியில் கிடந்தது. தரை இடப்பக்கம் சரிகிறது, அதனால் வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தட்டப் போகிறேன் என்றார். அந்த அம்மா குழியருகே குந்தி, அதன் விளிம்பைப் பார்த்தார். "லூருஸ்" என்றார். நேராகத் தட்டு என்று மலாயில் சொல்கிறார். கூட்டாளி தன் கண்ணை நம்பினார். பந்து வலப்பக்கமே போய் நின்றுவிட்டது.

ஏன் தெரியுமா? சரிவு இடப்பக்கம், புல்லின் சாய்வு வலப்பக்கம். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. குழியின் விளிம்பில் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் புல் பிய்ந்து பழுத்திருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் சாய்ந்திருக்கிறது. அதைத்தான் அந்த அம்மா குந்திப் பார்த்தார். அடுத்த குழியில் கூட்டாளி மட்டையை எடுக்கும் முன்பே அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அந்த அம்மாவின் விரல்களைக் கவனித்தேன். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. "கெத்தா?" என்று கேட்டேன், மலாயில் ரப்பரா என்று. சிரித்துத் தலையாட்டினார். தலைவிளக்கு கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால்மரம் வெட்டிவிட்டு, விடிந்ததும் திடலுக்கு வருகிறாராம். என் அம்மாவின் விரல்களும் அப்படித்தான் இருந்தன, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நாங்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான் என்றோம். அதற்குப் பிறகு அவர் நால்வர் பந்தையும் தன் பந்தைப் போலப் பார்த்துக்கொண்டார்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், கெடியைக் கேளுங்கள். பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள். பந்து தப்பிப் போனால் அவர் மேல் எரிந்து விழாதீர்கள். பை தூக்கிய பிள்ளைக்கு அந்த வலி தெரியும். முடிந்தால் திடலைச் சுற்றி ஓட்டுகிற பகி வண்டியை விட்டுவிட்டு அவரோடு நடந்து வாருங்கள். பாதி விஷயம் நடக்கும்போதுதான் சொல்லுவார்.

தாய்லாந்தின் ஹுவா ஹின் ஊர்த் திடல் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அது 1924இல் திறந்த திடல், தாய்லாந்தின் முதல் பெரிய கோல்ஃப் திடல். ஸ்காட்லாந்து ரயில்வே பொறியியலாளர் ஒருவர் வடிவமைத்தது. ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஹட்யாயிலிருந்து வண்டியில் ஒரு பகல் முழுக்க ஆகும், ஓட்ட இரண்டு பேராவது வேண்டும். களைப்பைப் பார்க்காமல் ஒருமுறை போய் வாருங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. நவம்பர், டிசம்பரில் ஹட்யாய் பக்கம் அடைமழை, தவிர்த்துவிடுங்கள். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு எட்டு. தாய்லாந்து வருகை அட்டையை 2025 மே மாதத்திலிருந்து இணையத்தில், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கடப்பிதழ், வண்டியின் கிராண்ட் என்கிற பதிவுச் சான்று, தாய்லாந்துக் காப்புறுதி மூன்றையும் கையில் வைத்திருங்கள். காப்புறுதியை எல்லைக்கு முன்னால் வரும் சங்லூன் ஊர்க் கடைகளிலேயே எடுத்துவிடலாம். நன்றி, வணக்கம்.