இரண்டு விரல்கள்: கொலிங்வூட்காரரும் பில் கார்மனும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஃபுட்டி என்கிற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். விதிமுறைகளை நான் விளக்கப்போவதில்லை. அதற்குப் படம் வரைந்து காட்ட வேண்டும், வானொலியில் அது முடியாது. மெல்பேர்ணில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு வேண்டிய அளவு தெரிந்தே இருக்கும். நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. அவற்றுக்குப் பக்கத்தில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. இன்றைய கதைக்கு அது போதும். நான் பேச வந்தது ஒரு மனிதரைப் பற்றி, அவரை மறக்க முடியாமல் இருக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றி.

1988ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். வந்து சில மாதங்களில் அபொட்ஸ்ஃபோர்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விக்டோரியா பார்க் மைதானம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். அந்த நாட்களில் கொலிங்வூட் கழகத்தின் சொந்த மைதானம் அதுதான். என் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பெரியவர். அப்பா கொலிங்வூட், தாத்தா கொலிங்வூட். அவருடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜேர்சி, நல்ல உயரம், காலில் வெள்ளைச் சப்பாத்து. எல்லோரும் கறுப்புச் சப்பாத்துப் போட்ட காலத்தில் ஒருவர் மட்டும் வெள்ளை!

யார் இவர் என்று கேட்டேன். "கார்மன்" என்றார். பிறகு கையைத் தூக்கி இரண்டு விரல்களைக் காட்டினார். வெற்றி என்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டு இரண்டு விரல்களைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "வெற்றி இல்லை. இரண்டு ஆட்டம்" என்றார். அப்படியே இயந்திரத்தைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்.

அந்த இரண்டு ஆட்டம் என்னவென்று முழுதாகத் தெரிந்துகொள்ள எனக்குப் பல தேநீர் இடைவேளைகள் தேவைப்பட்டன. நான் ஃபுட்டி கற்றுக்கொண்டதே அந்தக் கதையைக் கேட்டுத்தான் என்று சொல்லலாம்.

பில் கார்மன் விக்டோரியாவின் மேற்கு எல்லைப் பக்கம் எடன்ஹோப் என்ற சிறிய ஊரில் 1950இல் பிறந்தவர். தென் அவுஸ்திரேலியாவில் நோர்வூட் கழகத்துக்கு விளையாடிவிட்டு 1975இல் கொலிங்வூட்டுக்கு வந்தார். வந்த முதல் வருடமே கழகத்தின் சிறந்த வீரருக்கான கோப்லண்ட் விருது அவருக்கு. அதே வருடம் மூராபின் மைதானத்தில் செயின்ட் கில்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11 கோல். ஃபேபுலஸ் ஃபில் என்று ஊரே அழைத்தது. அவர் பந்தைப் பிடிக்க எழும்பும்போது விக்டோரியா பார்க்கில் கூரையில்லாப் பக்கத்தில் நின்ற சனம் முழுவதும் ஒன்றாக மூச்சை இழுக்குமாம். பெரியவர் அதைச் சொல்லும்போது தானும் மூச்சை இழுத்துக் காட்டுவார்.

அடுத்த வருடம், 1976இல், கொலிங்வூட் புள்ளிப் பட்டியலின் அடியில் வந்து நின்றது. கழகத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அப்புறம் ரிச்மண்ட் கழகத்துக்குக் கிண்ணங்கள் வென்று கொடுத்த டொம் ஹேஃபியைப் பயிற்சியாளராகக் கொண்டு வந்தார்கள். 1977இல் கடைசி இடத்திலிருந்த அணி பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒரே வருடத்தில்! 1958க்குப் பிறகு கிண்ணம் பார்க்காத கூட்டம் அது. 1960, 1964, 1966, 1970 என்று நான்கு கிராண்ட் ஃபைனல்களில், அதாவது கிண்ணத்துக்கான இறுதி ஆட்டங்களில், தோற்றிருந்தார்கள். 1966இல் ஒரே ஒரு புள்ளியால் தோல்வி. 1970இல் இடைவேளையின்போது 44 புள்ளி முன்னால் இருந்துவிட்டுத் தோல்வி. இந்த முறையாவது என்று எல்லோரும் நம்பியிருந்த வருடம் அது.

இரண்டாவது அரையிறுதி ஹோதோர்ன் அணியோடு. கொலிங்வூட் வென்றது, நேராகக் கிராண்ட் ஃபைனலுக்குப் போகிற தகுதியும் கிடைத்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் கார்மன் ஹோதோர்ன் வீரர் மைக்கல் டக்கை அடித்துவிட்டார். அம்பயர் அவர் மேல் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார், விசாரணை நடந்தது. தண்டனை இரண்டு ஆட்டத் தடை.

இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் பெரியவரின் இரண்டு விரல்கள் இங்கேதான் இருக்கின்றன. தடை ஆட்டக் கணக்கில் எண்ணப்படுவது, வாரக் கணக்கில் அல்ல. அடுத்த வாரம் கொலிங்வூட்டுக்கு ஆட்டம் இல்லை. வென்ற அணி ஓய்வெடுக்கும், மற்ற இரண்டு அணிகளும் மோதும். ஆகவே அந்த வாரம் கணக்கில் சேரவில்லை. அதற்கடுத்த வாரம் கிராண்ட் ஃபைனல். அது முதலாவது ஆட்டம். இரண்டாவது ஆட்டம் அடுத்த வருடத்தின் தொடக்கத்தில் கழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1977 செப்டெம்பர் 24, எம்சிஜி மைதானம், எதிரணி நோர்த் மெல்பேர்ண். 1,08,224 பேர் வந்திருந்தார்கள். மெல்பேர்ணில் இருப்பவர்கள் ஒரு கிராண்ட் ஃபைனலை வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்ததும் அந்த வருடந்தான் முதல் தடவை. மூன்றாவது கால் பகுதி முடியும்போது கொலிங்வூட் 27 புள்ளி முன்னால். நடுவில் இரண்டு கால் பகுதிகளிலும் நோர்த் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கார்மன் இல்லாமலே இந்த நிலைமை! பிறகு நோர்த் விழித்துக்கொண்டது. கடைசிக் கால் பகுதியில் 5 கோல் அடித்து முன்னுக்கும் போய்விட்டது. முடியப் போகிற நேரத்தில், கோலுக்கு முன்னால் ஒரு கும்பலுக்கு நடுவில், ட்விக்கி என்று அழைக்கப்பட்ட ரொஸ் டன் பந்தைப் பிடித்து உதைத்தார். கோல்.

நோர்த் 9 கோல், 22 பிஹைண்ட். மனத்தில் கூட்டிப் பாருங்கள்: 54உம் 22உம் 76. கொலிங்வூட் 10 கோல், 16 பிஹைண்ட்: 60உம் 16உம் 76.

சமநிலை. அந்தக் காலத்து விதிப்படி அடுத்த சனிக்கிழமை திரும்பவும் விளையாட வேண்டும்.

கார்மனின் இரண்டாவது ஆட்டம் எது என்று இப்போது தெரிகிறதல்லவா? ஒரு அடிக்கு ஒரு மனிதன் இரண்டு கிராண்ட் ஃபைனல்களை இழந்தான். ஒக்டோபர் முதலாம் தேதி நடந்த மறு ஆட்டத்தில் நோர்த் 151, கொலிங்வூட் 124. 27 புள்ளி. முதல் வாரம் கையில் இருந்த அதே 27!

இந்த 27ஐப் பெரியவர் மேசையில் தேநீர்த் துளியால் எழுதிக் காட்டுவார். ஒரு நாள் இல்லை, பல நாள்.

"கார்மன் விளையாடியிருந்தால் கொடி எங்களுக்கு" என்று கொலிங்வூட்காரர்கள் சொல்வார்கள். கிண்ணத்தை அவர்கள் கொடி என்றுதான் சொல்வது. இந்த ஒரு வசனத்தை முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைத்தளத்தில், ரயிலில், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில்கூட. என்னால் இதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் ஆட்டத்தில் கார்மன் இல்லாமலே 27 புள்ளி முன்னால் நின்ற அணி அது. அதைக் காப்பாற்ற முடியாமல் போனது மைதானத்தில் நின்றவர்களால். மைதானத்துக்கு வெளியே இருந்த ஒருவர் மேல் அந்தத் தோல்வி முழுவதையும் இறக்கி வைத்தால், அன்றைக்கு எழும்பிப் பந்தைப் பிடித்த டன்னுக்கும், மறு ஆட்டத்தில் மைதானத்தின் நீளத்தில் பாதிக்கு மேல் ஓடிக் கோல் அடித்த ஃபில் மனாசாவுக்கும் என்ன மதிப்பு? அவர்களும் கொலிங்வூட்தானே.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு முக்கியம். இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மைக்கல் டக்கின் பெயரைச் சொல்கிறார்கள்? கார்மன் இழந்ததைச் சொல்வார்கள், கழகம் இழந்ததைச் சொல்வார்கள். அடி வாங்கியவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அந்த டக் மொத்தம் 426 ஆட்டங்கள் விளையாடினார். 2016இல் பிரென்ட் ஹார்வி தாண்டும்வரை அதுதான் சாதனை. ஏழு கிராண்ட் ஃபைனல்களை வென்றவர் அவர். அன்றைய அடி வேறு விதமாகப் பட்டிருந்தால்? ஒரு ரசிகர் கூட்டம் தன் வீரனை நினைக்கும்போது தன் நட்டத்தோடு நின்றுவிடுகிறது. அவனால் மற்றவருக்கு வந்த நட்டம் கணக்கில் வருவதில்லை. கார்மனைக் கொலிங்வூட்காரர்கள் நேசிக்கட்டும். அந்த 11 கோலையும் வெள்ளைச் சப்பாத்தையும் யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் நினைக்கிறபோது முழுதாக நினைக்க வேண்டும், டக்கையும் சேர்த்து.

இதை ஒரு நாள் பெரியவரிடமே சொன்னேன். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, கொஞ்சம் துணிவு வந்திருந்தது. அவர் கோபிக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "நீ சொல்வது சரி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

1977இன் இரண்டு சனிக்கிழமையும் அவரும் அண்ணனும் எம்சிஜியில் ஒன்றாக நின்றவர்கள். 1958இல் இரண்டு பேரும் இளைஞர்கள். அந்தக் கொடியைப் பார்த்தவர்கள், அடுத்தது எப்படியும் வரும் என்று இருந்தவர்கள். 1977இல் வரவில்லை. 1979, 1980, 1981 என்று வரிசையாக மூன்று வருடம் கிராண்ட் ஃபைனலில் தோல்வி. கொலிங்வூட்டின் முன்னாள் அணித்தலைவர் லூ ரிச்சர்ட்ஸ் இதற்குக் கொலிவொபிள்ஸ் என்று ஒரு பெயரே வைத்தார். கிராண்ட் ஃபைனல் என்றால் கொலிங்வூட்டுக்கு வருகிற நடுக்கம். 1984இல் அண்ணன் இறந்துவிட்டார். "கார்மன் யாரையும் அடிக்காமல் இருந்திருந்தால் அவன் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்" என்றார் பெரியவர்.

என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. டன்னைப் பற்றியும் டக்கைப் பற்றியும் நான் சொன்னதெல்லாம் இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு விரல்களின் கணக்கு வேறு கணக்கு. 1958க்கும் அடுத்த கொடிக்கும் இடையில் 32 வருடம். அந்த இடைவெளியில் எத்தனை அண்ணன்மார், எத்தனை அப்பாமார் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்காகவும்தான் கார்மன் மேல் இத்தனை வருடக் கோபம்.

1990 ஒக்டோபரில் கொடி வந்தது. எசெண்டனை 48 புள்ளியால் வென்றார்கள். கொலிவொபிள்ஸை விக்டோரியா பார்க்கில் குழி தோண்டிப் புதைத்தார்கள், உண்மையாகவே புதைத்தார்கள். திங்கட்கிழமை பெரியவர் கழுத்தில் கறுப்பு வெள்ளைச் சால்வையோடு வந்தார். எல்லோரும் கைகொடுத்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் அலுமாரியைத் திறந்து கார்மனின் படத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் படம் ஒன்றை ஒட்டினார். கார்மனின் படத்தைக் கழற்றி எறியவில்லை, பக்கத்தில் ஒட்டினார். கவனியுங்கள்.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிட வேண்டும். 2010இல் கொலிங்வூட்டுக்குத் திரும்பவும் அதே நிலைமை வந்தது. செயின்ட் கில்டாவோடு கிராண்ட் ஃபைனல், 68க்கு 68 சமநிலை. அடுத்த வாரம் 56 புள்ளியால் கொலிங்வூட் வென்றது. 2016இல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது சமநிலை வந்தால் அன்றைக்கே கூடுதல் நேரம் விளையாடி முடிவு காண்பார்கள். இரண்டு ஆட்டத் தடையால் இரண்டு கிராண்ட் ஃபைனல் இழக்கிற கதை இனி யாருக்கும் நடக்காது. கடைசி ஆள் கார்மன்தான்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் என்று காட்டுகிறார்கள். கார்மனின் பிற்காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

1978க்குப் பிறகு கார்மன் கொலிங்வூட்டை விட்டுப் போனார். மெல்பேர்ண் கழகம், பிறகு எசெண்டன், கடைசியில் நோர்த் மெல்பேர்ண். ஆம், அதே நோர்த். 1980இல் எசெண்டனுக்கு விளையாடும்போது செயின்ட் கில்டா வீரர் ஒருவரை அடித்ததற்காக அவர் பெயர் எழுதப்பட்டது. அப்போது எல்லைக்கோட்டு அம்பயர் ஒருவரைத் தலையால் முட்டினார். அடித்ததற்கு 4, முட்டியதற்கு 16, மொத்தம் 20 ஆட்டத் தடை. மற்றக் கழகத்துக்காரர்கள் கார்மன் என்றால் இதைத்தான் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அம்பயரைத் தொட்டால் இந்த விளையாட்டே நடக்காது. பெரியவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவருடைய கார்மன் 1977 செப்டெம்பரோடு நின்றுவிட்டவர்.

பெரியவர் இப்போது இல்லை. அலுமாரியைக் காலி பண்ணிய நாளில் அண்ணனின் படத்தை அவர் வீட்டுக்குக் கொண்டு போனார். கார்மனின் படத்தை என்னிடம் தந்தார். அது என் வீட்டில் இருக்கிறது.

வணக்கம்.