டேங்குக்குள்ளே இன்னொரு சுவர்

வணக்கம் மக்களே. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பெட்ரோல் பங்குக்கு எதிரில், புளியமரத்தடியில் நின்று பேசுகிறேன். பின்னால் கயிறு கட்டியிருக்கிற இடத்தில் பூமிக்கடியில் 20,000 லிட்டர் டேங்க் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்திருக்கிறோம், பக்கத்தில் போனே எடுக்கக் கூடாது, அதனால்தான் இவ்வளவு தள்ளி வந்தேன். பதினோரு வருஷமாக டேங்குக்கு லைனிங் போடுகிற வேலை எனக்கு, அதாவது டேங்கின் உட்புறம் பூச்சுச் சுவர் கட்டுவது. ஆனால் இந்த இடம் வேறு மாதிரி, பங்குக்குப் பின்தெருவில்தான் எங்கள் பெரியம்மா வீடு.

போன ஐப்பசியில் பெரியம்மா அடிபம்பில் ஒரு குடம் அடித்து வைத்துவிட்டு, "தம்பி, இதக் கொஞ்சம் மோந்து பாரு, சோறு வடிச்சாலும் வாடை போவல" என்றார். குனிந்து பார்த்தால் தண்ணீர் மேல் ஏடு மாதிரி மெல்லிசாக நிறம் நிறமாக மினுங்கிக்கொண்டிருந்தது. மோந்து பார்க்கவே தேவையில்லை.

ஏன் ஐப்பசியில் தெரிந்தது? அதுதான் நம்ம டெல்டாவோட சிக்கல். கோடையில் நிலத்தடி நீர் கீழே இறங்கியிருக்கும்போது ஓட்டை டேங்கிலிருந்து பெட்ரோல் மண்ணுக்குள் போகிறது. அப்புறம் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, மழையும் பிடித்துக்கொண்டால் நீர்மட்டம் ஏறுகிறது. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் அல்லவா, அதுவும் கூடவே ஏறி வந்து மண்ணிலெல்லாம் பூசிக்கொள்கிறது. அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் டேங்குக்குள்ளும் நுழையும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், வண்டிக்கும் கேடு, இரும்புக்கும் கேடு. கடலோரம் வேதாரண்யம் பக்கம் போனால் உப்பு மண் வேறு வெளியிலிருந்து அரிக்கும்.

தினமும் காலையில் டிப் ராடு, அதாவது அளவுக்கம்பி, விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்களே, தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. நொடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 4 லிட்டர். நிறைந்த 20,000 லிட்டர் டேங்கில் சூடு ஒரு டிகிரி மாறினாலே அளவு கிட்டத்தட்ட 20 லிட்டர் கூடும் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 4 லிட்டர் ஒளிந்துகொள்ளும். ஆனால் மாதக் கணக்கில் அது 120 லிட்டருக்கு மேல்.

ஒரு லிட்டரே என்ன செய்யும் என்று நானே கணக்குப் போட்டேன். இப்போது விற்கிற பிஎஸ் 6 தரப் பெட்ரோலில் பென்சீன் என்கிற ரசாயனம் அதிகபட்சம் 1 சதவீதம், லிட்டருக்கு 10 மில்லி, எடையில் 8.8 கிராம் அளவு. பென்சீன் புற்றுநோய் தருவது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுத்துப் பார்த்தால் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு! இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். டேங்கைத் தோண்டி எடுக்காமல் உள்ளேயே இரண்டாவது சுவர் கட்டுகிறோம். முதலில் காலி செய்து, காற்றடித்து, காஸ் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும், அதற்கு வெகு கீழே மீட்டர் காட்டுகிறவரை யாரும் இறங்கக் கூடாது. இறங்குகிறவருக்கு வெளியிலிருந்து காற்றுக்குழாய், இடுப்பில் கயிறு, மேலே கண்ணை எடுக்காமல் ஒருவர். இதில் சமரசமே கிடையாது, அவசரப்படுத்துகிற முதலாளியிடம் நான் வேலையே எடுப்பதில்லை.

உள்ளே மணல் அடித்துத் துருவை எடுத்தபோது இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது, அடிப்பக்கம் டிப் ராடு தினமும் போய் இடிக்கிற இடத்தில் நகம் அளவுக்குக் குழி. அதை அடைத்து, கண்ணாடி ஃபைபரும் ரெசினும் (இறுகிக் கெட்டியாகிற பிசின்) ஒரு அடுக்கு, அதன் மேல் தூண் தூணாக நூல் நிற்கிற இரட்டைத் துணி, மேலே இன்னொரு அடுக்கு. அந்தத் துணிக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது பாருங்கள், உயிரே அதில்தான். அதிலிருந்து காற்றை உறிஞ்சி மீட்டர் மாட்டிவிடுவோம். உள்சுவர் விட்டாலும் வெளிச்சுவர் விட்டாலும் முள் இறங்கும், மணி அடிக்கும், பெட்ரோல் மண்ணைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ரெசின் மட்டும் எத்தனாலைத் தாங்குகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் 1988-ல் விதி போட்டு, பழைய டேங்குகளை மேம்படுத்தவோ, மாற்றவோ, மூடவோ 1998 டிசம்பர் 22 வரை பத்து வருஷம் கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரை நம்பி ஜனங்கள் இருக்கிற நம் ஊரில் இதை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

டேங்கோடு முடியாது, நான் பார்த்தவரை குழாய் மூட்டுகளில்தான் கசிவு அதிகம். இங்கே அடுத்த வாரம் குழாயும் இரட்டைச் சுவர் ஆகிறது, வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற டிஸ்பென்சர் மெஷினுக்கு அடியில் கசிவைப் பிடிக்கத் தொட்டியும் வைக்கிறோம்.

உங்கள் அடிபம்பில் வாடை வந்தால் கொதிக்க வைக்காதீர்கள், ஆவி வீட்டுக்குள்தான் சுற்றும். கண்ணாடி பாட்டிலில் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பெரியம்மா பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டோம். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற தெருக்குழாயில்தான் இப்போது அவர் குடம் வரிசையில் நிற்கிறது. மண்ணில் ஏற்கெனவே போனதை எடுக்கிற வேலை இன்னும் தொடங்கவில்லை, தொடங்கினதும் வந்து காட்டுகிறேன்.