அலைகளின் நெரிசலைக் கணினியில் கணிப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். முற்றத்தைச் சுற்றிய முதற்கட்டான வளவில், மணமேடைக்கு அருகே கார்ட்லெஸ் மைக் இருக்கிறது. அதன் ஒலியை வாங்கும் பெட்டியை மைக் செட்காரர் இரண்டாங்கட்டில் வைத்திருக்கிறார். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற உறவினர்கள் பார்ப்பதற்காக நேரலை அனுப்பும் வீடியோக்காரர்கள், பக்கத்து அறையில் ஒரு வைஃபை ரௌட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். முற்றத்துக்கு மேலே டிரோன் பறக்கிறது. வந்திருப்பவர்களின் சட்டைப் பைகளில் எல்லாம் கைப்பேசிகள் இருக்கின்றன. இவற்றுள் பல, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமம் பெறாமலே எவரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட ஒரே அலைக்கற்றையில் இயங்குகின்றன. ஒன்றின் அலை மற்றொன்றின் பெறும் கருவிக்குள் புகுந்து, அது வாங்க வேண்டியதை வாங்கவிடாமல் செய்வதையே குறுக்கீடு என்கிறோம். தாலி கட்டும் நேரத்தில் மைக் கரகரக்குமா என்பதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க முடியாது. அந்தக் கூட்டம் அன்று மட்டுமே கூடும். பொறியாளர்கள், கணினிக்குள்ளேயே ஒத்திகை பார்க்கும் உருவகப்படுத்தலை நாடுவதற்கு இதுவே முதற்காரணம்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் மென்பொருள் என்ன செய்கிறது என்பது விளங்கும். வானலைக் கணக்குகளில் டெசிபெல் என்னும் அளவைப் பயன்படுத்துகிறோம். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, 3 டெசிபெல் என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மைக்கின் திறன் 10 மில்லிவாட், பெட்டி 20 மீட்டர் தொலைவில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். தடையில்லாத வெளியில் அந்தத் தொலைவைக் கடக்கையில் அலை 66 டெசிபெல் தேய்கிறது. ரௌட்டரின் திறன் 100 மில்லிவாட், அது பெட்டியிலிருந்து 10 மீட்டரில் இருக்கிறது என்றால், அதன் தேய்வு 60 டெசிபெல் மட்டுமே. ஆகவே பெட்டியின் வாசலில் ரௌட்டரின் அலை, மைக்கின் அலையைவிட 16 டெசிபெல், அதாவது சுமார் 40 மடங்கு வலுவாக நிற்கிறது. ஆனால் ரௌட்டர் தன் திறனை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரப்புகிறது. பெட்டி அதில் 1 மெகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கிறது என்றால், இருபதில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். அது 13 டெசிபெல் குறைவு. எஞ்சுவது 3 டெசிபெல். அப்போதும் ரௌட்டரின் கையே ஓங்கியிருக்கிறது.

இனி, ரௌட்டருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள ஒரு சுவர் 10 டெசிபெல் அலையைத் தடுக்கிறது என்று கொண்டால், மைக் 7 டெசிபெல் முந்துகிறது. இரண்டு சுவர்கள் என்றால் 17. மைக் தெளிவாகக் கேட்க 15 டெசிபெல் முன்னிலை வேண்டும் என்று நாம் நிபந்தனை விதித்திருந்தால், ஒரு சுவரில் தோல்வி, இரண்டில் வெற்றி. இங்கே நம் வீடுகளின் அமைப்பும் கணக்கில் நுழைகிறது. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு என்று பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், அவையெல்லாம் திறந்திருக்கும்போது மைக்கின் அலை தடையின்றிச் செல்கிறது. ரௌட்டரோ பக்கத்து அறையில், கனத்த சுவருக்குப் பின்னால் இருக்கிறது. யாரோ ஒருவர் நடுக்கதவைச் சாத்திவிட்டு அந்த அறையின் கதவைத் திறந்து வைத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். வழியில் நிற்கும் மனிதர்களும் கணக்கில் சேர்வார்கள். நம் உடலில் உள்ள நீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சுகிறது.

ஆகவே, எல்லாமே மிக மோசமாக அமைந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கணக்குப் போட்டு, அதை வைத்து இரு கருவிகளுக்கிடையே இத்தனை தூரம் வேண்டும் என்று சொல்லும் பழைய முறை பாதுகாப்பானதுதான் என்றாலும், பல வேளைகளில் வீணாக அலைக்கற்றையைப் பூட்டி வைத்துவிடுகிறது. அதற்கு மாற்றாக வந்தது மாண்டே கார்லோ முறை. 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நியூமனும் அணுத்துகள்களின் போக்கைக் கணிக்க உருவாக்கிய வழி இது. கருவிகளின் இடம், திறன், கதவின் நிலை, அலையின் தேய்வு ஆகிய அனைத்தையும் அவற்றுக்குரிய வரம்புக்குள் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மேலே நாம் செய்த கூட்டல் கழித்தலைச் செய்து, எத்தனை குலுக்கல்களில் நிபந்தனை மீறப்பட்டது என்று எண்ணுகிறார்கள். இதற்கென்றே ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் சேர்ந்து உருவாக்கிய சீம்கேட் என்னும் மென்பொருளை, கோபன்ஹேகனில் உள்ள ஐரோப்பியத் தகவல்தொடர்பு அலுவலகம் இலவசமாகவே வழங்குகிறது. காரைக்குடியில் இருக்கும் ஒரு மாணவர்கூடத் தம் மடிக்கணினியில் அதை இறக்கி இயக்கிப் பார்க்கலாம்.

குலுக்கல்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். 100 குலுக்கல்களில் 5 சதவீதம் தோல்வி என்று விடை வந்தால், அதில் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ பிழை இருக்கலாம். 20,000 குலுக்கல்களில் அதே 5 வந்தால் பிழை 0.3 அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் இது குலுக்கலின் பிழை மட்டுமே. நாம் கொடுத்த சுவரின் மதிப்பு தவறாக இருந்தால், கோடி முறை குலுக்கினாலும் அந்தத் தவறு இம்மியும் குறையாது.

குறுக்கீடு இரண்டு வழிகளில் நேர்கிறது என்பதையும் இந்த மென்பொருள்கள் தனித்தனியே கணக்கிடுகின்றன. அனுப்பும் கருவி தன் அலைக்கற்றையின் எல்லைக்கு வெளியே சிந்துவது ஒரு வழி. பெறும் கருவியின் வடிகட்டி தளர்வாக இருந்து, தன் எல்லைக்கு வெளியே உள்ள வலுவான அலையையும் உள்ளே விட்டுத் திணறுவது மற்றொன்று. இரண்டாவது வழியை நாம் அடிக்கடி மறந்து, பழி முழுவதையும் அனுப்புகிறவர் மேல் போட்டுவிடுகிறோம். விமானங்கள் தரையிலிருந்து தங்கள் உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானி 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தியாவில் 5ஜி சேவைக்கு விடப்பட்ட அலைக்கற்றை ஒன்று 3300 முதல் 3670 வரை. நடுவே 530 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தும், பழைய உயரமானிகளின் வடிகட்டிகளை நம்ப முடியாததால், 2022 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, விமான ஓடுதளத்தின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்குள்ளும், அதன் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் அந்த அலைக்கற்றையில் 5ஜி கோபுரம் வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு எழுதியது. வடிகட்டியை மாற்றினால் தீரக்கூடிய சிக்கலுக்கு நிலத்தில் எல்லைக்கோடு போட வேண்டியதாயிற்று. விமானத்தின் பாதுகாப்பு என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

இத்தகைய ஆய்வுகளில் நான் மிகுந்த கவனத்தோடு பார்க்கும் இடம், அலை எவ்வாறு தேய்கிறது என்று சொல்லும் சூத்திரத்தின் தேர்வு. பெரிதும் பயன்படும் ஹாட்டா சூத்திரம், ஒகுமுரா என்னும் ஜப்பானியப் பொறியாளர் குழுவினருடன் டோக்கியோ வட்டாரத்தில் எடுத்து 1968இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து, 1980இல் ஹாட்டா வடித்தெடுத்தது. அதில் நகரம், புறநகர், திறந்தவெளி என்று மூன்று தேர்வுகள் உண்டு. 900 மெகாஹெர்ட்ஸில் நகரத்திலிருந்து புறநகருக்கு மாற்றினால் தேய்வு சுமார் 10 டெசிபெல் குறையும். திறந்தவெளி என்று மாற்றினால் 28 டெசிபெல்லுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 700 மடங்கு வேறுபாடு. செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானை இதில் எங்கே வைப்பது? தெருவுக்குத் தெரு நீளும் மாளிகைகளைப் பார்த்தால் நகரம். கடைசி வீட்டைத் தாண்டினால் கண்மாயும் பொட்டலும். ஒரு பொத்தானை மாற்றுவதால் விடை 700 மடங்கு நகரும் என்றால், அந்தப் பொத்தானை யார், எதை எண்ணி அழுத்தினார் என்பது அறிக்கையின் முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கட்டடங்களுக்கும் இதே நிலைதான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, கட்டடத்துக்குள் அலை புகும்போது ஏற்படும் இழப்பைக் கணிக்க மரபுவகை, வெப்பக்காப்பு வகை என்று இரண்டு வகைகளைத் தருகிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாய்ப் பருத்த சுவர்களும், நடுவே வானம் பார்த்த முற்றமும் கொண்ட நம் வீடு இரண்டிலும் சரியாகப் பொருந்தவில்லை.

பயன்பாட்டின் அடர்த்தியிலும் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கருவி ஒரு நாளில் எவ்வளவு நேரம் அலையை அனுப்புகிறது என்பதற்கு மென்பொருள் ஒரு சராசரியைக் கேட்கும். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் முன்னோர்க்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் ஊர் கொள்ளாமல் நிறையும் வீட்டுக்கு ஆண்டுச் சராசரியைக் கொடுத்தால், குறுக்கீடு இல்லை என்றே விடை வரும். அது கணக்கின்படி சரி, மைக் செட்காரருக்குப் பயனில்லை. ஆகவே பூட்டிய வீட்டுக்கு ஒன்றும் நிறைந்த வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு முறை இயக்கி, இரண்டு விடைகளையும் பிரித்தே எழுத வேண்டும்.

சுவரின் மதிப்பை ஊகிக்கவும் தேவையில்லை. வைஃபை அலையின் வலுவை டெசிபெல் கணக்கில் காட்டும் செயலிகள் கைப்பேசிகளுக்குக் கிடைக்கின்றன. ரௌட்டரை ஓர் அறையில் வைத்து, கதவைத் திறந்தும் சாத்தியும், சுவருக்கு இப்பாலும் அப்பாலும், ஒவ்வோர் இடத்திலும் பலமுறை அளந்து குறித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் அளவு துல்லியமானது அன்று என்றாலும், ஒரே கைப்பேசியால் எடுத்த இரண்டு அளவுகளின் வேறுபாடு இந்த வேலைக்குப் போதுமானது. அந்த வேறுபாடுகளின் பரவலையே மென்பொருளில் சுவரின் மதிப்பாகக் கொடுக்க வேண்டும். ஒற்றை எண்ணாகக் கொடுத்தால் குலுக்குவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

நன்றி, வணக்கம்.