வொறன்ட், ஷோர்ட் செல்லிங்: பங்கு விலையை இழுக்கும் இரண்டு கயிறுகள்

[காட்சி: தம்பலகாமத்து வயல், கதிர் முற்றும் பருவம்]

பெரும்போக அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கிறது. தம்பலகாமத்தில் ஒரு வியாபாரி, தெரிந்த கமக்காரரிடம் பத்து மூட்டை நெல்லை இரவலாக வாங்கி, மூட்டை 8,000 ரூபாப்படி அன்றே விற்றுவிடுகிறார் என்று வைப்போம். அறுவடை வந்து விலை 6,500க்கு இறங்கியதும் பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். மிச்சம் 15,000. வெள்ளம் வந்து மூட்டை 12,000க்கு ஏறினாலும் அவர் வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கட்டாயம்தான் இந்த வீடியோவின் மையம்.

[திரையில்: 50 ரூபாவுக்கு விற்ற பங்கு]

பங்கை இரவல் வாங்கி விற்கும் ஷோர்ட் செல்லிங்கும் இதே கணக்குத்தான். பங்கை இரவல் தந்தவருக்குக் கட்டணம் உண்டு. இடையில் பங்கிலாபம் அறிவித்தால், அதையும் விற்றவரே தன் பையிலிருந்து கொடுக்கவேண்டும். 50 ரூபாவுக்கு விற்றவருக்கு ஒரு பங்கில் கூடியது 50 ரூபா இலாபம். நட்டத்துக்கு எல்லையே இல்லை. விலை ஏறினால் தரகர் மேலதிகப் பிணைப்பணம் கேட்பார். கட்ட முடியாதவர் பங்கை வாங்கி முடிக்கவேண்டும், அந்த வாங்கல் விலையை இன்னும் ஏற்றும், அடுத்தவருக்கும் தரகர் அழைப்பு போகும்.

2008 ஒக்டோபரில் ஜெர்மன் கார்க் கம்பனியான ஃபோக்ஸ்வாகனின் பங்குக்கு நடந்தது இதுதான். தன் கையில் 42.6 சதவீதப் பங்குகளும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஒப்ஷன்களும் (விலையை முன்பே உறுதிசெய்யும் ஒப்பந்தங்கள்) இருப்பதாக இன்னொரு கார்க் கம்பனியான போர்ஷே அறிவித்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் சுமார் 20 சதவீதம். சந்தையில் எஞ்சியது ஆறு சதவீதமளவு, ஷோர்ட் பண்ணியிருந்ததோ சுமார் 12 சதவீதம். திருப்பிக் கொடுக்கப் பங்கே இல்லை. சுமார் 210 யூரோவில் இருந்த விலை, சில நாட்களுக்குள் ஒரு கட்டத்தில் 1,000 யூரோவைத் தாண்டியது.

ஷோர்ட் விவரம் வெளியாகும் சந்தையில் இந்த நெருக்கடியை அளக்க ஒரு வகுத்தல் போதும். 30 இலட்சம் பங்குகள் ஷோர்ட், நாளாந்த வர்த்தகம் 5 இலட்சம் என்றால், எல்லோரும் வெளியேற ஆறு நாள் வேண்டும். நாள் கூடக்கூட நெருக்கடியும் கூடும்.

[திரையில்: 10 கோடி + 2 கோடி = 12 கோடி]

வொறன்ட் எதிர்ப்பக்கமாக இழுக்கும். குறித்த நாளுக்குள் குறித்த விலையில் கம்பனியிடமே புதுப்பங்கு வாங்கும் உரிமை அது. 10 கோடிப் பங்குகள், விலை 50. 40 ரூபாவுக்கு 2 கோடி வொறன்ட். எல்லோரும் பயன்படுத்தினால் 500 கோடி மதிப்போடு 80 கோடி சேரும். 580 கோடியை 12 கோடிப் பங்குகள் பகிர்ந்தால் ஒன்று 48.33. ஆகவே வொறன்டின் பெறுமதியை 10 என்று போடாதீர்கள், 8.33 என்று போடுங்கள்.

இரண்டு கயிறும் சேரும் இடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஷோர்ட் செல்லிங் புழங்கும் சந்தையில், உரிமைப் பங்கோடு (இருக்கும் பங்குதாரருக்குக் கம்பனி விற்கும் புதுப்பங்கு) வொறன்டை இனாமாகப் பெற்ற பெரிய முதலீட்டாளர், பங்கை இரவல் வாங்கி 50க்கு விற்றுவிடுவார். விலை 70 ஆனால் 40 கட்டிப் புதுப்பங்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்; 10 ரூபா உறுதி. 25க்கு விழுந்தால் வொறன்டை விட்டுவிட்டுச் சந்தையில் வாங்குவார். 25 ரூபா இலாபம். எந்தப் பக்கம் போனாலும் நட்டமில்லாததால் பயமின்றி விற்பார். வொறன்ட் வெளியீட்டுக்குப் பின் நல்ல கம்பனியின் பங்கும் சோர்ந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

[காட்சி: கைபேசித் திரை, கொழும்பு பங்குச் சந்தைக் குறியீடு]

திருகோணமலையில் இருந்து கைபேசியில் வாங்குபவர் குறியீட்டின் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். 'என்' வாக்குரிமைப் பங்கு, 'எக்ஸ்' வாக்குரிமை இல்லாதது, 'டபிள்யூ' வொறன்ட். மூன்று ரூபாவுக்குக் கிடைக்கிறதே என்று வொறன்டை அள்ளி, காலாவதியாகும் நாளில் பங்கு 35இல் நின்றால், 40 கட்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள். மூன்று ரூபாவும் பூச்சியம். விற்கக் கடைசி நாளும் பணம் கட்டக் கடைசி நாளும் வேறாக இருக்கலாம். வாங்க முன்பே தரகரிடம் இரண்டு திகதியையும் கேட்டு எழுதி வையுங்கள்.