மலையில் ஓடும் சிவிக்: சாமான் மாற்றுவதற்கு முன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை நம்முடைய மலைப் பாதைகளில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஹட்டன் பக்கம் கராஜ் வைத்து வேலை செய்கிறவன் நான். என் கைக்கு அதிகம் வருவது ஹோண்டா சிவிக் எஸ்.ஐ.ஆர். கார்கள்தான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வந்த ஈ.ஜி.6 மாடல், அதற்குப் பின் வந்த ஈ.கே.4 மாடல். ஆகவே அந்தக் காரை வைத்தே பேசுகிறேன். வேறு கார் வைத்திருப்பவர்களும் கேளுங்கள், பாதிக்கு மேல் உங்களுக்கும் பொருந்தும்.

இந்த சிவிக்கின் உள்ளே இருப்பது பி16ஏ எஞ்சின். 1595 சீ.சீ., டர்போ இல்லை, ஆனாலும் 7800 சுற்றில் 170 குதிரைவலு தருகிறது. அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. இனிமேல் இப்படி ஒரு கார் துறைமுகத்தில் வந்து இறங்கப்போவதில்லை. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் வாகனத்துக்கு வயது எல்லை இருக்கிறது. முப்பது வருடத்துக் கார் உள்ளே வராது. நம்மிடம் இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

என் மனதை வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கொழும்பில் கடையில் நின்றோ, வெளிநாட்டில் வேலை செய்தோ சேர்த்த காசில் தம்பிமார் இந்தக் கார்களை வாங்குகிறார்கள். ஒரு கோளாறு வந்ததும் யாரோ சொன்னதைக் கேட்டு பெற்றோல் பம்பை மாற்றுகிறார்கள். சரிவரவில்லை என்றால் இன்ஜெக்டர். அதற்கும் சரிவராவிட்டால், எஞ்சினையே மாற்று என்கிறார்கள். கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு சின்ன ஈயப் பற்றில் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சாமானில் கை வைக்காதீர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் மலையையே கணக்கில் எடுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் வலுவும் அதே அளவு குறையும். கொழும்பில் சீறிக்கொண்டு ஓடிய கார் நானுஓயா ஏற்றத்தில் சோர்ந்து போகிறது என்று கவலைப்பட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். அது நோய் இல்லை. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த உயரத்தில் அப்படித்தான் இருக்கும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கும்போதும் இதே சங்கதிதான். சமதரையில் 185 பி.எஸ்.ஐ. காட்டுகிற எஞ்சின், நுவரெலியாவில் 150 அளவில்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாலு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 28 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது கூலிங். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் லொறிக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்கு எவ்வளவு சூடு என்று நினைத்துப் பாருங்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரும் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியாவில் சாதாரணத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதைத் தடுத்து வைப்பது ரேடியேட்டர் மூடிதான். அதன் ரப்பர் காய்ந்து போனால் அழுத்தம் நிற்காது. மலிவான சாமான், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுவதையும் நிறுத்துங்கள். எஞ்சினும் அதன் ஹெட்டும் அலுமினியம், உள்ளே அரித்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாக ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு உள்ளே காற்று நிற்காமல் முழுவதும் வெளியேற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கூலிங் விஷயத்தில் நான் அதிகம் சண்டை போடுவது தெர்மோஸ்டாட்டுக்காக. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற சிறிய வால்வுதான் அது. சூடு ஏறுகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு என்பது நம் நாட்டில் பழைய வழக்கம். கொழும்பு வெயிலில் அதன் கெடுதல் உடனே தெரியாது. மலையில் நன்றாகத் தெரியும். நம் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். அந்தப் பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. கூலன்ட் 60 பாகை அளவுக்கு வராவிட்டால், உயர்ந்த சுற்றில் வால்வுகளை அதிகமாகத் திறக்கும் வீடெக் வேலை செய்யாது. வீடெக் எடுக்கவில்லை என்று சொல்லி வருகிற கார்களில் சிலவற்றுக்கு நான் போட்டது ஒரு புது தெர்மோஸ்டாட் மட்டும்தான்.

வீடெக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுற்று 5500 பக்கம் போகும்போது ஒயில் அழுத்தம் ஒரு சிறிய பின்னைத் தள்ளும். வால்வுகளைத் தள்ளித் திறக்கிற, தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்த மூன்று ரொக்கர் ஆர்ம்களையும் அந்தப் பின் ஒன்றாகப் பூட்டிவிட, வால்வுகள் அதிகமாகத் திறக்கும். எல்லாம் ஒயிலை நம்பித்தான் நடக்கிறது. அதனால் வீடெக் எடுக்கவில்லை என்றால் முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் அளவு சரியாக இருந்தால் அடுத்தது, வீடெக்குக்கு ஒயில் வழியைத் திறந்துவிடும் மின் வால்வான சொலனொயிட்டுக்கு அடியிலுள்ள சிறிய வலை. காலத்தில் ஒயில் மாற்றாத காரில் அந்த வலை கறுப்புப் பசையால் அடைத்துக் கிடக்கும். அப்புறம் ஸ்பீடோமீற்றர் முள் ஆடுகிறதா என்று பாருங்கள். வேக சென்சர் தகவல் கொடுக்காவிட்டாலும் ஈ.சி.யு. வீடெக்கை விடாது. இத்தனையும் பார்த்த பிறகுதான் சொலனொயிட் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆரம்பத்தில் ஈயப் பற்று என்று சொன்னேன் இல்லையா, அது மெயின் ரிலேயின் கதை. பெற்றோல் பம்புக்கும் ஈ.சி.யு.வுக்கும் மின்சாரம் கொடுக்கிற சுவிட்ச் அது. பண்டாரவளைக்குப் போய் மத்தியான வெயிலில் காரை நிறுத்துகிறீர்கள். சாமான் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து விட்டு அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. உடனே பம்ப் போய்விட்டது என்கிறார்கள். சாவியை ஒன்னில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு செக்கன் ஒரு மெல்லிய இரைச்சல் வர வேண்டும். அதுதான் பம்பின் சத்தம். சூட்டில் அது வராமல், ஆறிய பிறகு வந்தால், டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள மெயின் ரிலேயைக் கழற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பலகையில் ஈயப் பற்றைச் சுற்றி முடி போல வளைய வெடிப்பு இருக்கும். வானொலிப் பெட்டி திருத்துகிறவர் அதைச் சில நிமிடத்தில் மறுபடி பற்ற வைத்துக் கொடுப்பார்.

தென்மேல் பருவக்காற்று மழை ஹட்டனில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் காலையில் கார் இழுத்து இழுத்து ஓடும், சூடானதும் சரியாகிவிடும். இது ஈரத்தின் வேலை. இந்தக் கார்களில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது, பிளக் வயர்கள் இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்போ வயரில் தேய்மானமோ இருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, தலைமுடிக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தலால் வயர்மேல் லேசாகத் தெளித்தால் நீலப் பொறி எங்கே தாவுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கை மட்டும் வயரில் படக்கூடாது. பிளக் குழிக்குள் ஒயில் நின்றாலும் இப்படித்தான் இழுக்கும். அதற்கு வால்வு கவருக்குள் இருக்கிற ரப்பர் வளையங்களை மாற்றினால் போதும்.

செக் எஞ்சின் லைட் எரிந்தால் பயந்து பற்றரியைக் கழற்றி அதை அணைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கார் சொல்ல வந்த சங்கதியே அழிந்துபோகும். டேஷ்போர்டுக்கு அடியில் பயணி பக்கமாக இரண்டு பின் மட்டும் உள்ள ஒரு சொக்கட் இருக்கிறது. பக்கத்தில் மூன்று பின் சொக்கட்டும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். இரண்டு பின்னையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து சாவியை ஒன் செய்தால் லைட் மினுக்கும். நீளமான மினுக்கல் பத்து, குட்டையானது ஒன்று. ஆறு என்றால் கூலன்ட் சூட்டுச் சென்சர், ஏழு என்றால் த்ரொட்டில் சென்சர். ஒரு நீளமும் மூன்று குட்டையும் வந்தால் பதின்மூன்று, அது காற்றழுத்தத்தை அளக்கும் சென்சர். மலை உயரத்துக்கு ஏற்றபடி பெற்றோல் அளவைச் சரிசெய்ய ஈ.சி.யு. இதையும் பார்க்கிறது, ஆகவே நமக்கு இது முக்கியம். இந்தக் கார்களில் அது ஈ.சி.யு.வுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பெற்றோலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜப்பானில் இந்த எஞ்சினுக்கு உயர் ஒக்டேன் பெற்றோல் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். நாம் 95 ஊற்ற வேண்டும். பெற்றோல் செட்டில் 92 மட்டும்தான் இருக்கிறது என்றால் ஊற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் வைத்து எஞ்சினை நெரிக்காமல் ஒரு கியர் குறைத்துவிடுங்கள்.

இறக்கத்துக்கு வருவோம். எஞ்சின் கோளாறு வந்தால் வழியில் நிற்பீர்கள். பிரேக் கோளாறு வந்தால் உயிர் போகும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்தால் ஆயிரம் மீற்றருக்கும் மேல் இறங்குகிறீர்கள். ஒரு தொன் எடையுள்ள கார் இறங்குகிற சக்தியில் பெரும் பகுதி சூடாக மாறி டிஸ்க்கில்தான் சேரும். டொட் 4 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை தாங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய பிறகு 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். மூடுபனியிலும் மழையிலும் வாழ்கிற நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்ற வேண்டும்.

இறக்கத்தில் பெடல் மெத்தென்று கீழே போய், ஆறிய பிறகு பழையபடி கெட்டியானால் ஒயில் கொதித்திருக்கிறது. பெடல் கெட்டியாகவே இருந்து கார் நிற்காமல் போனால் பேட் சூட்டில் வழுக்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் தோட்டப் பாதைகளில் இன்னும் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் போட்டு எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் ஈ.சி.யு. பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்குப் பெற்றோல் செலவாகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும். நனைந்த வளைவில் அது பிடிக்காது.

வேகம் வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு நமக்கு மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் இருக்கிறது, தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயத் திடல் இருக்கிறது. பொக்ஸ் ஹில்லிலேயேகூட 2024 ஏப்ரல் 21 அன்று பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் நடுவே பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே அப்படி நடக்கிறது என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நடந்து போகிற நம் பாதையில் 7800 சுற்றுக்கு இடமில்லை.

வால்வுகளைக் காலம் தவறாமல் இயக்குகிற டைமிங் பெல்ட் பற்றி நேயர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிற கணக்கு சரிதான், ஆனால் நம் கார்களின் மீற்றரை நம்ப முடியாது. எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் டென்ஷனரையும் மாற்றுங்கள். வால்வு இடைவெளி பார்ப்பதானால் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் விடியற்காலையில் பாருங்கள். இன்டேக் 0.15 முதல் 0.19 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் 0.17 முதல் 0.21.

சாமான் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். ஈ.ஜி.யின் டிஸ்ட்ரிபியூட்டரும் ஈ.கே.யின் டிஸ்ட்ரிபியூட்டரும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் வயர் இணைப்பின் பின்கள் வேறு. எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தால், புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்த பிறகுதான் காரைப் பாதையில் இறக்க வேண்டும். நன்றி, வணக்கம்.