தோவாளையில் வாடிய பூ, வங்கியில் ஏறிய பணம்

[காட்சி: குமரி மாவட்டம் தோவாளைப் பூச்சந்தை, விடியற்காலை]

2020 மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பியிருந்த பிச்சியும் மல்லியும் வாங்க ஆளில்லாமல் வாடின.

மார்த்தாண்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் தவறாமல் வருகிறது. மகள் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. மண்டபம் இல்லை, சாப்பாட்டுப் பந்தி இல்லை, 5,000 ரூபாய்க்கு வாங்கவிருந்த பூவும் இல்லை. பாஸ்புக்கில் அந்த 5,000 அப்படியே நிற்கிறது, பெயர், சேமிப்பு. தோவாளை வியாபாரியின் கல்லாவுக்கு வராமல் போனதும் அதே 5,000தான். அவர் வீட்டு வளையல் அடகுக்குப் போகிறது.

[காட்சி: மூன்று கல்லாப்பெட்டிகள்]

சரி, நாட்டையே மூன்று கல்லாவாகப் பிரிப்போம். வீடுகளும் கம்பெனிகளும் ஒன்று, அரசு ஒன்று, வெளிநாடு ஒன்று. ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. அதனால் மூன்றின் மிச்சத்தையும் துண்டையும் (பற்றாக்குறையையும்) கூட்டினால் பூஜ்யம்தான் வரும். வின் காட்லி என்ற பிரிட்டன் பொருளாதார அறிஞர் இந்தக் கணக்கை வைத்தே அமெரிக்காவை அலசினார்.

2020-21இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 4.6 சதவீதத்திலிருந்து 9.2 ஆக எகிறியது. இறக்குமதி சுருங்கியதால் நடப்புக் கணக்கில், அதாவது வெளிநாட்டோடு நமக்குள்ள வரவு செலவுக் கணக்கில், 0.9 சதவீதம் உபரி. நமக்கு உபரி என்றால் அவர்களுக்குத் துண்டு. ஆக வெளிநாட்டுக் கல்லாவிலும் துண்டு. (கல்ஃபிலிருந்து வீட்டுக்கு வரும் பணமும் இதே நடப்புக் கணக்கில்தான் சேரும். குமரி மாவட்டத்தில் அதன் அருமையை யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.) இரண்டு துண்டும் முதல் கல்லாவில் மிச்சமாக நின்றன. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு (டெபாசிட் போன்றவற்றில் கடனைக் கழித்த மிச்சம்) மட்டும் ஜிடிபியில் 11.5 சதவீதம்.

அரசுக்குத் துண்டு விழுகிறதே என்று அப்போது பலர் பதறினார்கள். எனக்கு அந்தப் பதற்றம் புரியவில்லை. ரேஷன் கடையில் தமிழக அரசு கொடுத்த 1,000 ரூபாயும் அரசுக் கல்லாவின் துண்டில் ஒரு துளிதானே! நெருடுவது வேறு. ஆசிரியையின் மிச்சமும் வியாபாரியின் கடனும் ஒரே கல்லாவில் கிடக்கின்றன. கூட்டிப் பார்த்தால் ‘மக்கள் சேமித்தார்கள்’ என்று வரும். வளையல் கண்ணில் படாது.

அப்புறம் கடை திறந்தது, கல்யாணமும் நடந்தது. ஆசிரியை டெபாசிட்டை உடைத்தார். 2022-23இல் குடும்பங்களின் சேமிப்பு 5.1 சதவீதத்துக்கு இறங்கியது. மத்திய அரசின் துண்டு 6.4 ஆகக் குறைந்தது. நடப்புக் கணக்கு மறுபடி பற்றாக்குறைக்குத் திரும்பியது.

[காட்சி: அடகுக் கடை ரசீது]

நம் வியாபாரியும் பூ விற்ற காசோடு வளையலை மீட்கப் போனார். அன்றைக்கு அது வட்டிக்குத்தான் சரியாக இருந்தது.